யாரு கீழ போட்டது?

பிபி கிடையாது, சுகர் கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, நாலு மாசம்கூட முடியாத கைக்குழந்தைக்கு எப்படிப்பா மூளையில ரத்தக்குழாய் வெடிக்கும்னு எங்க சித்தப்பா போன்ல கேட்டாரு. நியாயமான கேள்விதான். நான் பெங்களூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில அனஸ்தீசியா டெக்னீசியன், பொழுது பூரா மூளை ஆபரேஷன் பண்ற நியூரோ தியேட்டர்லதான், அப்படி இருந்தும் அவசரப் பிரிவு காஷுவால்டில இருந்து "இன்ஃபன்ட், ரப்சர்டு அனியூரிசம்"னு கால் வந்தப்போ வயசைத் தப்பா சொல்றாங்கன்னுதான் நெனச்சேன். எங்களுக்கு அனியூரிசம்னாலே அம்பது வயசு ஆளு, மண்டையே வெடிக்குதுன்னு தலையைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டே வருவாங்க, அவங்கதான்.

ரத்தக்குழாயோட சுவர் ஒரு இடத்துல வீக்கா இருந்து, உள்ள ஓடுற ரத்தத்தோட அழுத்தத்துல அந்த இடம் மட்டும் வெளிய உப்பிக்கிட்டு வர்றதுதான் அனியூரிசம். இந்த வியாதி வர்றவங்கள்ல பதினெட்டு வயசுக்குள்ள இருக்குறவங்க எல்லாரையும் சேர்த்தாலே 5 சதவீதத்துக்குக் கீழதான், அதுலயும் ஒரு வயசுக்குள்ளன்னா ரொம்ப ரொம்ப அபூர்வம், பெரிய பெரிய சர்ஜன்களே சர்வீஸ் பூரா ஒண்ணு ரெண்டு பார்த்திருந்தா அதிகம். பெரியவங்களுக்கு பெரும்பாலும் மூளைக்கு அடியில ரத்தக்குழாய்ங்க கிளை பிரியுற இடத்துல சின்னதா வரும். குழந்தைகளுக்கு அப்படி இல்ல, நடு மூளைத் தமனின்னு மூளைக்குப் போற ஒரு பெரிய ரத்தக்குழாய் இருக்கு, அதுல தள்ளிப்போய் எங்கயாவது இருக்கும், இல்ல பின்பக்கம் இருக்கும், சைஸும் எதிர்பார்க்காத அளவுக்குப் பெருசா இருக்கும். காரணம்னு பார்த்தா சிலதுக்கு இதயத்துல வந்த கிருமித் தொற்று, சிலதுக்குப் பிறவியிலயே ரத்தக்குழாய் சுவர்ல கோளாறு, சிலதுக்குத் தலையில பட்ட அடி. பாதிக்கு மேல "காரணம் தெரியல"ன்னுதான் ஃபைல்ல எழுதுவாங்க.

இந்த "காரணம் தெரியல"தான் நம்ம வீடுகள்ல செல்லுபடி ஆகாது. பச்சைப்புள்ள தலைக்குள்ள ரத்தம்னு சொன்ன அடுத்த செகண்டு வீட்டுல வர்ற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், யாரு கீழ போட்டது?

நான் சொல்லப்போற குடும்பம் ஈஜிபுரா பக்கம், அடையாளம் தெரியாம இருக்க சில விஷயத்தை மாத்தியிருக்கேன். அப்பா தண்ணி கேன் போடுற டெம்போ டிரைவர். அம்மா பிரசவத்துக்கு திருப்பத்தூர் பக்கம் தாய் வீட்டுக்குப் போயிட்டு மூணாவது மாசம் புள்ளையோட திரும்பி வந்தவங்க, கூட மாமியார், எல்லாரும் ஆயான்னுதான் கூப்பிட்டாங்க. ஒருநாள் சாயங்காலம் பையன் திடீர்னு வீல்னு கத்த ஆரம்பிச்சிருக்கான், பால் குடிக்கல, குடிச்சதும் கக்கிட்டான். ஆயா உரம் விழுந்திருக்கு, அதாவது தூக்கும்போது எங்கயோ சுளுக்கிடுச்சுன்னு சொல்லி, அடுத்த தெருவுல உரம் எடுக்குற அம்மாவைக் கூட்டிட்டு வந்து, வேட்டியில புள்ளையைப் போட்டு ரெண்டு பக்கமும் பிடிச்சு உருட்டியிருக்காங்க. அப்புறம் பக்கத்துல ஒரு கிளினிக், அங்க வாந்திக்கு சொட்டு மருந்து. ராத்திரி அழுகை நின்னுடுச்சு, அழுது ஓஞ்சு தூங்குறான்னு எல்லாருக்கும் நிம்மதி. அது தூக்கம் இல்ல, சுயநினைவு குறைஞ்சுக்கிட்டு வந்திருக்கு. விடியக்காலைல வலது கை காலு மட்டும் வெட்டி வெட்டி இழுத்திருக்கு, அப்பதான் ஆட்டோ புடிச்சு ஓடி வந்தாங்க.

காஷுவால்டில அன்னைக்கு நைட் டியூட்டில ஒரு மலையாளி பொண்ணு, பீடியாட்ரிக்ஸ் பிஜி, அதாவது குழந்தை வைத்தியத்துல மேல்படிப்பு படிக்கிற டாக்டர். அந்த டாக்டர் பண்ணின முதல் காரியம் புள்ளையை நேரா நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி உச்சிக்குழில ரெண்டு விரலை வச்சதுதான். சாதாரணமா அது மெத்துன்னு இருக்கும், லேசா உள்வாங்கி இருக்கும், துடிப்பு தெரியும். அழும்போது கொஞ்சம் எழும்புறது சகஜம், அதனால அழாத நேரத்துல நிமிர்த்தி வச்சுத்தான் பார்க்கணும். இவனுக்கு அழக்கூட தெம்பில்லாத நிலைமையில அந்த இடம் கல்லு மாதிரி விம்மிக்கிட்டு நின்னுச்சு, கண்ணு ரெண்டும் கீழ்ப்பக்கமா இறங்கிக் கிடந்துச்சு. லேசா காய்ச்சலும் இருந்ததால மூளைக்காய்ச்சலா இருக்கலாம்னு ஒரு சந்தேகம், அதுக்கு முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கணும், ஆனா உள்ள அழுத்தம் இவ்வளவு இருக்கும்போது அதைப் பண்ணினா ஆபத்து, முதல்ல சிடி ஸ்கேன்னு சொல்லிடுச்சு அந்தப் பொண்ணு. கைக்குழந்தை அனியூரிசம் பல தடவை இந்த மாதிரி மூளைக்காய்ச்சல், வலிப்பு, வயித்துக்கோளாறுன்னு வேற பேருலதான் உள்ள வரும். பெரியவங்கன்னா தலைவலின்னு வாய்விட்டுச் சொல்லுவாங்க, இவனால என்ன சொல்ல முடியும்.

சிடில இடது பக்கம் பெருசா ரத்தக்கட்டி. அதைச் சுத்தி மூளையோட மடிப்புகள்லயும் ரத்தம் பரவியிருக்கு.

என்னைக் கூப்பிட்டது தமிழுக்காக. சிடி ரூமுக்கு வெளிய அம்மா, அப்பா, ஆயா மூணு பேரும் தமிழ்ல மட்டும் பேசுறாங்க, டாக்டருக்கு இங்கிலீஷும் மலையாளமும், சிஸ்டருக்குக் கன்னடம், நடுவுல நான். டாக்டர் கேட்கச் சொன்னதெல்லாம் முறையான கேள்விங்கதான். பொறந்தப்போ தொடையில வைட்டமின் கே ஊசி போட்டாங்களா (அது போடலைன்னா ரத்தம் உறையாம ஆறு மாசம் வரைக்கும் எப்ப வேணா மூளையில கசியலாம், இந்த வயசுல மூளை ரத்தக்கசிவுன்னா அதைத்தான் முதல்ல பார்க்கணும்), தொப்புள்கொடி விழுந்தப்போ ரத்தம் நிக்காம வந்துச்சா, சொந்தத்துல கல்யாணமா, எங்கயாவது விழுந்தானா, யாராவது தூக்கிக் குலுக்கினீங்களா. வைட்டமின் கே வரைக்கும் ஒழுங்காதான் போச்சு, ஊர் அரசு ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டை அந்தம்மா பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல வச்சிருந்தாங்க, அதுல ஊசி போட்டது எழுதியிருந்துச்சு. "விழுந்தானா"ன்னு கேட்டதுதான் தாமதம், ஆரம்பிச்சது சண்டை.

"நான் மதியம் நல்லாத்தானே கொடுத்தேன் இவ கையில, போன் பாத்துக்கிட்டே பால் குடுத்தா"ன்னு ஆயா. "அத்த, நீங்கதான தூளியில வேகமா ஆட்டுனீங்க"ன்னு அம்மா. அப்பா ரெண்டு பேரையும் பார்த்து "யாரு கீழ போட்டதுன்னு இப்பவே சொல்லுங்க"ன்னு சுவத்துல கையை ஓங்கி அடிச்சாரு. செக்யூரிட்டி அண்ணன் வந்து "கலாட்டா மாடபேடி சார்"னு (கலாட்டா பண்ணாதீங்கன்னு) கன்னடத்துல சொல்லித் தள்ளிட்டுப் போனாரு. இதுல டாக்டருங்களையும் குறை சொல்ல முடியாது, குழந்தையைக் குலுக்கினதால வர்ற மூளை ரத்தக்கசிவுன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு, அதைக் கேக்காம விட்டா அந்தப் புள்ளைக்குத்தான் துரோகம். கண் டாக்டர் வந்து விழித்திரையைப் பார்த்தாரு, அங்கயும் ரத்தப்புள்ளிங்க. குலுக்கினாலும் அது வரும், அனியூரிசம் வெடிச்சு அழுத்தம் ஏறினாலும் வரும், அதை மட்டும் வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. அந்த அம்மாவோட முகத்தை அப்போ பார்த்திருக்கணும், புருஷன், மாமியார், டாக்டர், சிஸ்டர் எல்லாரும் சேர்ந்து ஒரே கேள்வியைக் கேக்குற மாதிரி ஆயிடுச்சு.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா, பயத்துல எல்லாரும் நேரத்தை மாத்திச் சொல்லிட்டாங்க. காலையிலதான் அழ ஆரம்பிச்சான்னு ஒரே மாதிரி மூணு பேரும். உரம் எடுத்ததை யாருமே சொல்லல. முதல் தடவை வெடிச்ச அனியூரிசம் திரும்ப வெடிக்கிறதுக்கு அதிக வாய்ப்பு அந்த முதல் 24 மணி நேரத்துலதான், அதனால எப்போ ஆரம்பிச்சுது, நடுவுல ஒரு தடவை தெளிஞ்சு மறுபடி மோசமாச்சாங்குறதெல்லாம் சர்ஜனுக்கு முக்கியம். எனக்கு அந்த உரம் விஷயம் எப்படித் தெரிஞ்சுதுன்னா, புள்ளை வயித்துல வெளக்கெண்ணெய் வாசனை, எங்க வீட்டுலயும் இதே கதைதான். ஆயாவைத் தனியா கூட்டிட்டுப் போய், "ஆயா, யாரு தப்புன்னு யாரும் கேக்கல, முதல்ல எப்போ அழுதான், உரம் எடுத்தீங்களா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்டேன். "எடுத்தோம் தம்பி, நேத்து வெளக்கு வக்கிற நேரத்துக்கு"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. வேட்டியில உருட்டினதாலதான் வெடிச்சுதுன்னு நான் சொல்லல, சொல்லவும் முடியாது, அழுகையே அதுக்கு முன்னாடிதான் ஆரம்பிச்சிருக்கு. ஆனா வாந்தியும் பால் மறுப்பும் சேர்ந்து இருக்குற புள்ளையை உருட்டுற பழக்கத்தை தயவுசெஞ்சு விட்டுடுங்க, தலையை ஒரு தடவை தொட்டுப் பாருங்க, அவ்வளவுதான் இதைப்பத்தி நான் கத்தப்போறது.

அடுத்தது சிடி ஆஞ்சியோ, ரத்தக்குழாயை மட்டும் தனியா பார்க்குற ஸ்கேன். டையை ஏத்தி எடுத்தப்போ இடது நடு மூளைத் தமனில ஒரு முண்டு நல்லா தெளிவா தெரிஞ்சுது. நியூரோ சர்ஜன் அப்பாவை உள்ள கூப்பிட்டு ஸ்க்ரீன்லயே விரல் வச்சுக் காட்டினாரு. மண்டை ஓட்டுல கீறல் இல்ல, வேற எங்கயும் அடி இல்ல, நேத்து கீழ விழுந்து இன்னைக்கு இப்படி ஒண்ணு உருவாகாது, யாரும் போடல போய் வெளிய சொல்லுன்னாரு. அவர் வெளிய போய் சொன்னாரு. அந்த அம்மா அப்பதான் முதல் தடவையா அழுதாங்க.

காயில் வைக்கலாமா கிளிப் போடலாமான்னு சின்ன விவாதம் நடந்துச்சு. காயில்னா தொடையில இருக்குற தமனி வழியா மெல்லிய குழாயை மூளை வரைக்கும் அனுப்பி, முண்டுக்குள்ள பிளாட்டினம் கம்பிச்சுருளை அடைச்சு ரத்தம் உள்ள போகாம பண்றது. கிளிப்னா மண்டையைத் திறந்து, முண்டோட கழுத்தை வெளியில இருந்து கவ்விப் பிடிச்சு மூடுறது. காயில், குக்லியெல்மின்னு ஒரு இத்தாலிக்காரர் 1990 வாக்குல கொண்டு வந்தது, இன்னைக்கு பெரியவங்களுக்கு நிறைய இதுதான் பண்றாங்க. 2013-ல அமெரிக்காவுல கான்சாஸ்ல பொறந்து மூணே வாரம் ஆன ஒரு குழந்தைக்கு கோஜி எபர்சோல்னு ஒரு டாக்டர் இதே மாதிரி குழாய் வழியா மருத்துவப் பசையை விட்டு அனியூரிசத்தை அடைச்சாரு, அப்போ பேப்பர்ல எல்லாம் சூப்பர் க்ளூ போட்டு மூளையை ஒட்டினாங்கன்னு வந்துச்சு. ஆனா கைக்குழந்தையோட தொடைத் தமனி ரொம்பச் சின்னது, டையும் எடைக்குத் தகுந்த அளவுக்கு மேல தர முடியாது. அதைவிட முக்கியமா, இவனுக்கு மூளையை அழுத்திக்கிட்டு இருக்குற ரத்தக்கட்டியை எப்படியும் திறந்துதான் எடுக்கணும், திறக்குறதுன்னா அப்படியே கிளிப்பும் போட்டுடலாம்னு முடிவாச்சு.

இனிமே என் ஏரியா. புள்ளையோட எடை அஞ்சரை கிலோ. கிலோவுக்கு 80 மில்லின்னு கணக்கு போட்டா உடம்புல இருக்குற மொத்த ரத்தமே 440 மில்லி, அரை லிட்டர் நந்தினி பால் பாக்கெட்டைவிட கம்மி. பெரியவங்க ஆபரேஷன்ல 50 மில்லி ரத்தம் போனா யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க, இவனுக்கு அது ஒன்பதுல ஒரு பங்கு. மூணு மாசம் வாக்குல எல்லாக் குழந்தைக்குமே ஹீமோகுளோபின் இயல்பாவே குறைஞ்சிருக்கும், அதுக்கு மேல இந்த ரத்தக்கசிவு வேற. அதனால கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே ரத்தம் தியேட்டருக்குள்ள வந்திருக்கணும். பிளட் பேங்க்ல அம்மாவோட சாம்பிளும் வேணும்னு கேட்டாங்க, நாலு மாசத்துக்குள்ள இருக்குற புள்ளைங்க ரத்தத்துல அம்மாகிட்ட இருந்து வந்த ஆன்டிபாடி இருக்கும், ரெண்டையும் சேர்த்துத்தான் மேட்ச் பண்ணுவாங்க. அந்தம்மாவுக்கு நான் இதை விளக்கி முடிக்கிறதுக்குள்ள "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்கண்ணா"ன்னு ரெண்டு கையையும் நீட்டிட்டாங்க. இல்லம்மா ஒரு ட்யூப் போதும்னேன்.

ஏசியை நிறுத்திட்டு ரூமை வேக வச்சோம், சர்ஜன் வேர்த்து ஊத்தினாலும் பரவாயில்ல, புள்ளை குளிர்ந்துடக் கூடாது, குளிர்ந்தா ரத்தம் சரியா உறையாது. கை காலுல பஞ்சு சுத்தி, உடம்புக்கு பிளாஸ்டிக் ஷீட், அடியில வார்மர். பெரியவங்களுக்கு மண்டையில மூணு முள்ளு குத்தி கிளாம்ப்ல தலையை ஃபிக்ஸ் பண்ணுவாங்க, இந்த வயசுல எலும்பு அவ்வளவு மெல்லிசு, முள்ளு உள்ளயே போயிடும், அதனால ஜெல் வச்ச லாட வடிவத் தாங்கியில தலையைச் சும்மா சாய்ச்சு வைக்கிறதுதான். மருந்தெல்லாம் ஒரு மில்லி சிரிஞ்சுல, ஒவ்வொண்ணுலயும் காத்துக் குமிழி இருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துப் பார்த்து வச்சேன். ரத்தத்தை பாட்டில் மாதிரி தொங்க விடறது இல்ல, பத்து பத்து மில்லியா சிரிஞ்சுல இழுத்து கையால தள்றது. சர்ஜன் ஒத்தி எடுக்குற ஒவ்வொரு துணியையும் சிஸ்டர் தராசுல வச்சு எடை சொல்லுவாங்க, ஒரு கிராம்னா ஏறத்தாழ ஒரு மில்லி, அதைக் கூட்டிக்கிட்டே நான் தள்ளுவேன். பிரஷரும் ஏறக்கூடாது, ஏறினா மறுபடி வெடிக்கும், ரொம்ப இறங்கவும் கூடாது, மூளைக்கு ரத்தம் பத்தாது. எங்க அனஸ்தீசியா டாக்டர் மேடம் வழக்கமா தியேட்டர்ல பழைய பாட்டு போடச் சொல்லுவாங்க, அன்னைக்கு யாரும் போன் பக்கமே போகல.

கட்டியை எடுத்த உடனே அழுத்தம் குறைஞ்சு மூளை துடிக்கிறது மைக்ராஸ்கோப் ஸ்க்ரீன்ல தெரிஞ்சுது. அப்புறம் அனியூரிசத்துக்கு முன்னாடி இருக்குற குழாய்ல தற்காலிக கிளிப். அது போட்ட நொடியில இருந்து கடிகாரம் பார்த்துச் சொல்றது என் வேலை, ஏன்னா அந்த நேரம் முழுக்க அந்தப் பகுதிக்கு ரத்தம் போகாது. "ரெண்டு நிமிஷம் சார்." "மூணு நிமிஷம் சார்." அவரு பதிலே பேச மாட்டாரு. சிஸ்டர் நீட்டினது மினி கிளிப், டைட்டேனியம், சட்டை ஊக்கைவிடச் சின்னது. ரெண்டாவது தடவை வச்சப்போதான் முண்டோட கழுத்தைச் சரியா பிடிச்சுது, தற்காலிக கிளிப்பை எடுத்துட்டு பச்சை டை கொடுத்து லைட்டைப் போட்டாங்க, கிளை எல்லாத்துலயும் ரத்தம் ஓடுது, முண்டுக்குள்ள மட்டும் இருட்டு. அனியூரிசத்துக்கு முதல் கிளிப் போட்டது 1937-ல பால்டிமோர்ல வால்டர் டான்டி, அது வெள்ளிக் கிளிப், மைக்ராஸ்கோப்பும் கிடையாது. எங்க ட்ரேல இருக்குறதுக்கு யாசர்கில் கிளிப்னு பேரு, துருக்கில பொறந்து சூரிச்சுல வேலை பார்த்த சர்ஜன் பேரு அது. நான் தினம் பத்து தடவை சொல்ற பேரு ஒரு மனுஷனோடதுன்னு வேலையில சேர்ந்து ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். எலும்பை மறுபடி வச்சப்போ உலோகத் தகடு போடல, தையல்தான், வளர்ற மண்டையில தகடு உள்ள நகர்ந்துடும்.

ஐசியு நாளுங்களைப் பத்தி பெருசா சொல்ல எனக்குத் தெரியாது, அது வேற டீம். வடிகுழாய் வச்சு மூளையில தேங்குற நீரை வெளிய எடுத்தாங்க, தினம் டேப் வச்சு தலைச் சுற்றளவு எழுதினாங்க, குழாயைக் கழட்டினதும் தலை பெருசாக ஆரம்பிச்சதால அந்த நீர் வயித்துக்குள்ள போற மாதிரி ஷன்ட்னு ஒரு நிரந்தரக் குழாய் வச்சாங்க. வெடிச்ச பிறகு ரத்தக்குழாய் சுருங்கிக்கிறது பெரியவங்களை நிறைய படுத்தும், அது இவனுக்கு வரல. பில் விஷயத்துல பிபிஎல் (வறுமைக்கோட்டுக்குக் கீழ) கார்டு இருந்ததால அரசு திட்டத்துல ஒரு பகுதி போச்சு, மீதிக்கு டெம்போவை அடமானம் வச்சாரு, அதுக்கு மேல கேக்க எனக்கு மனசு வரல.

போன மாசம் ஃபாலோ அப்புக்கு வந்தப்போ ஓபில பார்த்தேன். எட்டு மாசம், நல்லா உக்கார்றான், கூப்பிட்டா திரும்புறான், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. ஆயா பெருமையா "எல்லாத்தையும் எடது கையிலதான் தம்பி எடுக்குறான், அப்படியே அவங்க தாத்தா"ன்னாங்க. ஒரு வயசுக்குள்ள பொதுவா எந்தக் குழந்தையும் ஒரு கையை மட்டும் பிடிச்சு வச்சுக்காது, அப்படிப் பண்ணினா இன்னொரு கை வீக்கா இருக்கான்னு பார்க்கணும், இவனுக்கு அடிபட்டது இடது மூளை, பலவீனம் வலது கையில. ஃபிசியோ மேடம் சொன்ன வைத்தியம் என்னன்னா, தினம் கொஞ்ச நேரம் இடது கையில கையுறை மாட்டிட்டு பொம்மையை வலது பக்கம் வைக்கணும், வேற வழியில்லாம அந்தக் கையை நீட்டுவான். மருமக மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனதும் ஆயா பாவம்னு கழட்டிவிட்டுடறாங்களாம். "இதுக்கு ஒரு பேச்சு சொல்லுங்கண்ணா"ன்னு அந்தம்மா என்கிட்ட பஞ்சாயத்து வச்சாங்க, ஆயா என்னைப் பார்த்து மொறைச்சாங்க, நானும் சொல்லிப் பார்த்தேன். ஒரு வயசு முடிஞ்சதும் மறுபடி ஆஞ்சியோ இருக்கு.